முன்கூட்டித் தைக்கக் கூடாத போர்வை

மீனாட்சிபுரத்தில் எங்கள் வீட்டில் போர்வை என்பது கொசுவுக்குப் பயந்து போர்த்திக்கொள்வது. குளிருக்கென்று தனியாக ஒன்று வேண்டும் என்பது கல்யாணம் ஆகும்வரை எனக்குத் தெரியாது. மின்வாரியத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் என்னை மூணாறு மலையில் சித்திரபுரம் குவார்ட்டர்ஸுக்குக் கூட்டிவந்தது ஒரு மார்கழி மாதம். வந்த வாரமே பல் கிட்டிப்போனது. கடையில் வாங்கிய கம்பளியோ உடம்பெல்லாம் அரித்தெடுத்தது. பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அம்மாவும் அண்ணியும் கட்டிப் பழசாக்கிய பருத்திச் சேலைகளை ஒரு மாட்டுத் தீவனச் சாக்கில் திணித்து எடுத்துவந்தேன். அதில் ஏறியிருந்த புண்ணாக்கு வாசனை போவதற்குள் அலசி அலசிக் கை ஓய்ந்துவிட்டது.

தையல் எனக்கு அப்படியொன்றும் வராது. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த நூலோட்டம் ஒன்றுதான் தெரியும். ஆனால் ஒட்டுப் போர்வைக்கு அதுவே போதும். பழைய சேலையை மடிப்பு மடிப்பாக நடுவில் வைத்து, மேலே வண்ணத் துண்டுகளை ஒட்டுப்போட்டு, எல்லாவற்றையும் சேர்த்து நூலை ஓட்டிக்கொண்டே போனால் கடைசியில் போர்வையாகிவிடும். வீட்டு முன்னால் பாய் விரித்து நான் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது, தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்துவிட்டு, தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குப் போய்க்கொண்டிருந்த அக்கா ஒருவர் நின்று பார்த்தார்.

"ஒத்தையில உக்காந்து இத எப்ப முடிப்பீக? அடுத்த மார்கழி வந்துரும்."

"வரட்டுமுங்க. அப்பவும் குளிரத்தானுங்க போகுது" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையை இறக்கிவைத்துவிட்டு எனக்கு எதிரே உட்கார்ந்து ஒரு ஊசியில் நூல் கோத்தார். நான் பேச்சுக்குப் பேச்சு 'ங்க' போடுவதைச் சொல்லிச் சொல்லி அன்று முழுக்கச் சிரித்தார். எங்கள் சிநேகம் அப்படித்தான் ஆரம்பித்தது.

பிறகு அங்கன்வாடி டீச்சர் வந்து சேர்ந்தார். கடைத்தெருவில் தையல்கடை வைத்திருப்பவளும் வந்தாள். இத்தனை மடிப்புக் கனத்தை அவள் மிஷின் தாங்காது. அதனால் கடையின் வெட்டுத்துணிகளைப் பையில் அள்ளிக்கொண்டு வந்து அவளும் எங்களோடு கையால்தான் தைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சோறு முடிந்ததும் எங்கள் வீட்டுக் கூடத்தில் போர்வையை விரித்து ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்துவிடுவோம்.

தோட்டத்தில் கொழுந்தெடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு செடி வரிசை, ஒரு நிரை உண்டு. ஒருத்தியின் நிரையில் இன்னொருத்தி கை வைத்தால் அன்றைக்குச் சண்டைதான். அக்கா அந்தச் சட்டத்தை அப்படியே போர்வைக்கும் கொண்டுவந்துவிட்டார். அவரவர் பக்கத்தை அவரவர்தான் தைக்க வேண்டும். பொறுக்கமாட்டாமல் நான் ஒருநாள் டீச்சர் பக்கம் இரண்டு தையல் போட்டதற்கு, "தங்கச்சி, ஒன் நெரயப் பாரு" என்று அதட்டினார். டீச்சர் நெருக்கி நெருக்கித் தைப்பார். என் தையலோ தாவித் தாவிப் போகும். எல்லாம் நடுவில் சந்திக்கும்போது போர்வை அங்கே கொஞ்சம் உப்பிக்கொண்டு நிற்கும். எங்கள் போர்வைகளில் உப்பாத போர்வையே கிடையாது. வாங்கிக்கொண்டவர்கள் எல்லாரும் அதைப் பூ வேலைப்பாடு என்று நினைத்துக்கொண்டார்கள், நாங்களும் இல்லையென்று சொல்லப் போகவில்லை.

மாற்றலாகிப் போன வாத்தியாருக்கு ஒன்று, முழங்கால் வலிக்காரப் பாட்டிக்கு ஒன்று, அக்காவின் தம்பிக்கு ஒன்று என்று தைத்துத் தைத்துக் கொடுத்தோம். மீனாட்சிபுரத்துக்கும் அனுப்பினேன். அண்ணி போனில், "ஏனம்மிணி, இந்த வெயிலுக்கு எங்களுக்கு எதுக்கு இது? நம்ம கன்னுக்குட்டிதான் போத்திட்டுச் சொகமாத் தூங்குது" என்றாள். எனக்குக் கோபம் வந்து ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. பிறகு கன்றுக்குட்டியின் போட்டோ வந்தது. போர்வையில் அது அழகாகத்தான் இருந்தது.

அக்காவுக்கு ஒரே மகள். சாந்தன்பாறையில் ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் பையனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார். அவளுக்கு இரண்டு முறை கர்ப்பம் தங்காமல் போயிருந்தது. முதலாவது ஆறு மாதத்தில், அடுத்தது அதற்கும் முன்னால். அதைப் பற்றி அக்கா வாயைத் திறக்க மாட்டார், நாங்களும் கேட்க மாட்டோம். மூன்றாவது முறை உண்டானதைக்கூட, ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, யாரையும் பார்க்காமல்தான் சொன்னார்.

தையல்கடைக்காரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மாரியம்மன் திருவிழாவுக்குப் பிள்ளைகளுக்கு மஞ்சள் பாவாடை தைத்ததில் மிஞ்சிய துண்டுகள் பையில் கிடந்தன. தொட்டால் வெண்ணெய்போல இருக்கும் துணி. அதை எடுத்து மடியில் பரப்பி, "இத வச்சுச் சின்னதா ஒண்ணு தச்சிருவோம்" என்றாள்.

அக்காவின் முகம் மாறிவிட்டது. "அந்தப் புள்ள பேரச் சொல்லி ஒருத்தரும் ஊசியத் தொடக் கூடாது."

பிள்ளை பிறக்கும் முன்னே அதற்கென்று எதுவும் வாங்கி வைக்கக் கூடாது என்பது எங்கள் எல்லார் வீட்டிலும் உள்ளதுதான். தொட்டில், சட்டை, வளையல் எல்லாம் பிறந்த பிறகு. டீச்சர் மெதுவாக, "புதுசுதானக்கா வாங்கக் கூடாது? இது பழைய துணிதான?" என்று கேட்டுப் பார்த்தார்.

"துணி பழசு, போர்வ புதுசுல்ல? வேணாம்த்தா. வேற பேச்சுப் பேசுங்க."

பேசினோம். எங்களை அடிமாலிக்கும் மூணாறுக்கும் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவருக்குக் கல்யாணம் வந்தது. அவருக்கு ஒரு பெரிய போர்வையை விரித்தோம். ஐந்தாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளும் வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள். வயிறு லேசாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. ஆனால் அதை யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"இது யாருக்குக்கா?" என்று என்னிடம் கேட்டாள்.

"ஜீப் டிரைவர் கல்யாணத்துக்குக் கண்ணு."

"ஓ" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் போர்வையின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, படுக்க வேண்டும் என்று எழுந்து போய்விட்டாள்.

இந்த நாட்களில் ஒன்று கவனித்தேன். பையில் கிடந்த மஞ்சள் துண்டுகள் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தன. ஜீப் டிரைவர் போர்வையில் மஞ்சளே கிடையாது, அது நீலமும் சிவப்பும். எங்கே போகின்றன என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நான் எடுத்த துண்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும். வீட்டுக்காரர் ஆபீஸ் போனதும், தைத்துக்கொண்டிருந்ததை அலமாரியின் பின்னாலிருந்து எடுப்பேன், அவர் வருவதற்குள் பழையபடி வைத்துவிடுவேன். அப்படியும் ஒருநாள் மாட்டிக்கொண்டேன்.

"ஏனம்மிணி, இத்தனூண்டு போர்வ யாருக்கு? பூனைக்கா?"

"யாருக்கோ. நீங்க போயிக் காப்பியக் குடிங்க."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை நல்லபடியாக வர வேண்டும் என்று நான் அவ்வளவு ஆசைப்பட்டேன். எனக்கு இந்த மலையில் கிடைத்த முதல் மனுஷி அக்கா. மூன்றாவது முறையும் அவர் வெறுங்கையோடு திரும்பி வருவதை என்னால் பார்க்க முடியாது என்று பயமாகவே இருந்தது.

எட்டாம் மாதத் தொடக்கத்திலேயே மகளுக்கு வலி கண்டுவிட்டது. சாந்தன்பாறையிலிருந்து மலைக்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி கேட்டு அக்கா கொழுந்துக்கூடையை நிரையிலேயே வைத்துவிட்டு ஓடினார். அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூவரும் கூடினோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் தையல் ஓடவில்லை. டீச்சர் தன் பக்கத்தைத் தைத்துத் தைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் என் போன் அடித்தது.

"பொம்பளப் புள்ள" என்றார் அக்கா. "உள்ளங்கை தண்டிதேன் இருக்கு. கண்ணாடிப் பெட்டிக்குள்ள வச்சிருக்காக. ஒண்ணும் சொல்லமாட்டேங்கறாக."

"நல்லா இருக்குமுங்க அக்கா" என்றேன்.

வாரக்கணக்கில் அந்தப் பிள்ளை பெட்டிக்குள்ளேயே இருந்தது. போன் அடித்தால் நான் முதல் மணியிலேயே எடுத்துவிடுவேன். கொஞ்சம் எடை கூடியிருக்கிறது என்பார் அக்கா, அடுத்த நாளே மஞ்சள்காமாலை என்பார். பிறகு ஒருநாள் தாய்ப்பால் குடித்துவிட்டது என்று சொல்லிச் சத்தம் போட்டு அழுதார். ஜீப் டிரைவரே போய்த் தாயையும் பிள்ளையையும் அக்கா வீட்டுக்கு ஏற்றிவந்தார். வழியெல்லாம் பொறுமையாக ஓட்டியதில் வந்து சேர மத்தியானம் ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் அலமாரியின் பின்னாலிருந்ததை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கினேன். எனக்கு முன்னே டீச்சர் நின்றிருந்தார், கையில் ஒரு பை. தையல்கடைக்காரி மூச்சு வாங்க வந்தாள், அவள் கையிலும் ஒன்று. மூவரும் ஒருவர் பையை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உள்ளே போய் எடுத்து வைத்தால், மூன்றும் சின்னப் போர்வைகள், மூன்றிலும் அதே மஞ்சள். திருட்டுப் பொருளோடு பிடிபட்டவர்கள் மாதிரி நின்றோம்.

அக்கா மூன்றையும் பார்த்தார். திட்டப் போகிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்த டிரங்குப் பெட்டியை இழுத்தார். மேலிருந்த துணிகளை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டு, கீழே இருந்து ஒரு சின்னப் போர்வையை வெளியே எடுத்தார். பச்சையும் ரோசாப்பூ நிறமும். பாதிதான் தைத்திருந்தது. துருப்பிடித்த ஊசி அதிலேயே குத்தி நின்றது.

"மொதப் புள்ள இவ வயித்துல இருந்தப்ப ஆரம்பிச்சது" என்றார். "அது போனதும் உள்ள வச்சுப் பூட்டிட்டேன். நாந்தேன் ஆசப்பட்டு முன்னாடியே ஊசியக் குத்திட்டேன், அதான் தங்கலன்னு நெனச்சேன். அதான் ஒங்களையும் தொட விடல."

கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்திருந்த மகள் அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்கிட்டச் சொல்லிருக்கலாம்லம்மா" என்றாள். "அஞ்சாம் மாசம் வந்தேன்ல? ஊருல உள்ளவுகளுக்கெல்லாம் தைக்கிறீக. எம்புள்ளைக்கு ஒரு துண்டு எடுத்து வைக்கல. இதுவும் தங்காதுன்னு எல்லாரும் முடிவு பண்ணிட்டீகன்னு நெனச்சேன். நான் ஒருத்திதான் இவள நம்பிக்கிட்டு இருக்கேன்னு நெனச்சேன்."

அக்கா கையிலிருந்த போர்வையை அப்படியே முகத்தில் பொத்திக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. அவளுக்குக் கெட்டது எதுவும் வந்துவிடக் கூடாதென்று நாங்கள் மூடி மூடி வைத்ததெல்லாம் அவளை எவ்வளவு தனியாக விட்டிருக்கிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

தையல்கடைக்காரிதான் பேசினாள். "நாங்களும் நம்புனோம்டி. என்ன, திருட்டுத்தனமா நம்புனோம்."

மகளுக்கு அழுகைக்கு நடுவிலேயே சிரிப்பு வந்தது. பிள்ளைக்கு எதைப் போர்த்துவது என்று டீச்சர் கேட்டதற்கு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவின் கையிலிருந்ததைக் காட்டினாள்.

"அது முடியலயே கண்ணு" என்றேன்.

"முடிச்சுக் குடுங்க."

துருப்பிடித்த ஊசியை உருவினால் துணி கிழியும்போல இருந்தது. அக்கா அதைப் பல்லால் கடித்து மெதுவாக இழுத்தார், வந்துவிட்டது. லயத்து வீட்டில் நால்வர் உட்கார இடம் போதாது. கட்டிலை ஓரமாகத் தள்ளி, முட்டியோடு முட்டி இடிக்க ஆளுக்கொரு பக்கம் பிடித்தோம். அக்கா யாரையும் "ஒன் நெரயப் பாரு" என்று சொல்லவில்லை. டீச்சரின் தையல் என் பக்கம் வந்தது, என்னுடையது அக்கா பக்கம் போனது. வெளியே வெளிச்சம் இருக்கும்போதே கடைசி முடிச்சைப் போட்டுவிட்டோம்.

மகள் அதை வாங்கிப் பிள்ளையின் கழுத்துவரை இழுத்துவிட்டாள். பிள்ளை ஒரு கையை வெளியே உதறிவிட்டுத் தூங்கிப்போனது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "அடுத்ததுக்கு மாசம் தள்ளிப்போன அன்னைக்கே பாய விரிச்சிருவோம்" என்றார்.

"ஏம்மா, இவளையே இப்பத்தான வீட்டுக்குக் கொண்டாந்திருக்கு!" என்றாள் மகள்.

அக்கா அதைக் காதில் வாங்கவே இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையில் என்ன துணி வரும் என்று தையல்கடைக்காரியிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.