அத்தையின் சைக்கிளில் ஒரு வாத்து

இந்த உலகத்தில் சக்கரம் இரண்டு முறை கண்டுபிடிக்கப்பட்டது. முதல் முறை யார் கண்டுபிடித்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. இரண்டாம் முறை கண்டுபிடித்தது என் அத்தை. எங்கள் வீட்டில் துணி துவைக்கும் இடத்தில், சோப்புத் தண்ணீருக்கு நடுவில். ராக்கெட் விடுகிறவர்கள் அவள் செய்த சைக்கிளைப் பார்த்திருந்தால், வெட்கப்பட்டு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வாத்து மேய்க்கப் போயிருப்பார்கள். வாத்து ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. எங்களோடுதான் இருக்கிறாள். மேட்டு உச்சியில் இருக்கும் நீரேற்று நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர். ஊரே பல் துலக்குவது அவள் சுவிட்சைத் தட்டுவதால்தான். எந்த சுவிட்சைத் தட்டினாலும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வாய்விட்டு எண்ணுவாள். மோட்டார் வெறுமனே ஓடி வேகம் பிடித்த பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டுமாம். வீட்டில் மிக்சி போட்டாலும் எண்ணுவாள். நான் பக்கத்தில் நின்று "ஏழு, பன்னெண்டு" என்று கத்திக் கணக்கைக் கெடுப்பேன்.

அவளுடைய இரண்டு கட்டைவிரல்களும் அடிமூட்டில் தேய்ந்துவிட்டன. மற்ற நான்கு விரல்களால் பிரேக் பிடிப்பாள்; கட்டைவிரலால் கியரைத் தள்ளச் சொன்னால் முகம் கோணிவிடும். மேட்டுக்குக் குறுக்குவழியாக நானூறு படிகள் இருக்கின்றன. அவற்றுக்கும் அவள் முழங்காலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஒரு வருஷமாக அப்பாதான் பைக்கில் கொண்டுபோய் விட்டார். ரொட்டி வண்டி ஓட்டுகிற அப்பாவுக்கு இப்போது விடியற்காலை ஷிப்ட் வந்துவிட்டது.

"வர்ற திங்கள் போயி அதுக்கடுத்த திங்கள்லேருந்து என்னால விட முடியாதுக்கா. பேசாம ராஜினாமா எழுதிக் குடுத்துட்டு வீட்ல நிம்மதியா இரேன்."

"வீட்ல இருந்து? உன் பொண்ணை மேய்க்கவா? அதுக்கு நான் பத்து பம்ப் ஓட்டிருவேன்."

"அப்ப ஒண்ணு பண்ணு. அந்தத் திங்கக்கிழமை உன் சைக்கிள்ல, வழியில இறங்காம மேட்டை ஏறிக் காட்டு. அப்புறம் நான் வாயே தொறக்கல. இறங்கிட்டேன்னா எழுதிக் குடுத்துரணும்."

"சரிடா" என்றாள் அத்தை. அந்தச் 'சரி'க்குப் பத்து நாள் கெடு.

சைக்கிளின் முன்பாதி அவளுடைய பழைய லேடீஸ் சைக்கிள். பின்பாதி, பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஏழு கியர் வண்டி. இரண்டையும் அவளே வெல்டிங் வைத்து ஒட்டினாள். கியர் கம்பியை இழுக்க முரட்டுக் குட்டி மோட்டார் ஒன்று வேண்டியிருந்தது. அது என் பெரிய ரிமோட் காருக்குள் இருந்தது. அந்தக் காரை மொட்டைமாடியிலிருந்து பறக்கவிட்டதே நான்தான் என்பதால் வழக்காட முடியவில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு காலிங்பெல் பட்டன்கள். உள்ளங்கை ஓரத்தால் அமுக்கினால் போதும். ஒன்றில் 'ஏற்று', மற்றதில் 'இறக்கு' என்று எழுதி ஒட்டினாள். நடுவில் தீப்பெட்டி அளவு சர்க்யூட் போர்டு, ட்ரில் மெஷின் பேட்டரி. ஒவ்வொரு கியருக்கும் கம்பி எத்தனை மில்லிமீட்டர் நகர வேண்டும் என்று அளந்து நோட்டில் எழுதினாள். 'கியர் 3 - முனகல் உண்டு. கியர் 4 - நல்ல பிள்ளை.'

ஸ்டாண்டில் நிறுத்திச் சுற்றினால் ஏழும் வெண்ணெய். மேட்டில் ஏறினால் கடகடவென்று செயின் துள்ளிக் கழன்றது. வியாழக்கிழமை இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தாள். வெள்ளிக்கிழமையும். அன்று மிக்சி போடும்போது அவள் எண்ணவில்லை. எனக்கு அது பிடிக்கவேயில்லை.

ஏன் என்றால், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் கைகுலுக்கிப் பிரிவதற்கு முன், 'வீட்டுப் பெரியவங்களைக் கூட்டிட்டு வா' என்று தலைமையாசிரியர் என்னை ஒன்பது முறை அனுப்பினார். ஒன்பது முறையும் வந்தது அத்தைதான். சாக்பீஸ் டப்பாவில் நான் தவளை வைத்த விவகாரத்தில், "தவளைக்கு ஒண்ணும் ஆகலியே சார்?" என்றுதான் முதலில் கேட்டாள். அப்படியொரு வக்கீல் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

அவளைச் சிரிக்க வைக்க எனக்குத் தெரிந்த ஒரே தொழிலைச் செய்தேன். என் பழைய பொம்மை வாத்தின் வயிற்றைக் கிழித்துக் குரலை எடுத்தேன். கியர் மோட்டார் திரும்பி நின்றதும் போர்டில் ஒரு விளக்கு எரியும். அந்த விளக்கு வயரில் வாத்தைச் சேர்த்து சீட்டுக்கு அடியில் ஒட்டிவிட்டேன்.

சனிக்கிழமை மாலை. முதல் வளைவில் அத்தை 'இறக்கு' பட்டனை அமுக்கினாள்.

"குவாக்!"

பதறிப்போனாள். கால் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அழுத்தம் மட்டும் விட்டுப்போனது. அந்த அரை நொடியில் செயின் ஒரு முனகல் இல்லாமல் பெரிய பல்சக்கரத்தில் ஏறி உட்கார்ந்தது. அத்தை சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். நான் ஓடத் தயாரானேன்.

"நில்லுடி கழுதை! இப்ப செயின் ஏன் கழரல?"

"வாத்துக்குப் பயந்துருச்சோ என்னவோ."

"இருவத்தாறு வருஷமா மோட்டாரை வெறுமனே ஓடவிட்டுத்தானே வால்வைத் தொறக்கறேன்? இதுல மட்டும் மிதிச்சு அழுத்திக்கிட்டே பட்டனை அமுக்கியிருக்கேன் பாரு! என்னை மாதிரி ஒரு கூமுட்டை உண்டா?"

"அப்ப வாத்தைக் கழட்டிரட்டுமா?"

"கைய வெச்சுப் பாரு, ஒடிச்சிருவேன். கியர் விழுந்துருச்சான்னு நான் குனிஞ்சு பார்க்க வேண்டாம்ல? அது சொல்லும்."

திங்கட்கிழமை விடிகாலை. ராத்திரியே, 'எழுப்பினா கடிச்சிருவேன்' என்று சொல்லிவிட்டுப் படுத்த நான், அத்தைக்கு முன்னால் கிளம்பிப் படிக்கட்டில் ஏறினேன். படிகள் சாலையை மூன்று இடங்களில் வெட்டும். மூன்றிலும் ஒளிந்து நின்றேன். கீழேயிருந்து முதலில் குரல் வரும்: "ஒண்ணு, ரெண்டு, மூணு." நடுவில் ஒரு குவாக். பிறகு செயின் அமைதியாக ஓடும் சத்தம். அதைவிட நல்ல சத்தத்தை நான் கேட்டதில்லை.

கடைசியில் நிலையத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கினேன். வாசலில் ரொட்டி வண்டி நின்றது. அப்பா ஒரு குறையும் இல்லாத டயரைச் சும்மா தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கால் ஊன்றாமல் அவரைத் தாண்டிப் போய் வாசலுக்குள் நிறுத்தினாள்.

"வாயே தொறக்கலக்கா" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு சூடான ரொட்டிகளை அவள் கையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வண்டி வளைவில் மறைந்ததும் அத்தை பட்டனை அமுக்கினாள். குவாக்.

"தண்ணித் தொட்டிக்குப் பின்னால இருக்கற வாத்து வெளிய வரலாம்."

வந்தேன்.

"சும்மா ஒரு வாக்கிங் அத்தை."

"பையைக் காட்டு."

பைக்குள் சார்ஜ் ஏற்றிய இன்னொரு பேட்டரி, ஸ்பேனர், செயின் கழன்றால் மாட்டுகிற கொக்கிக் கம்பி, எண்ணெய்த் துணி, அவளுடைய கைவலி மருந்து.

ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ரொட்டியில் பெரியதை என்னிடம் நீட்டினாள்.

"நாளைக்கும் வாக்கிங் வருவேல்ல? ஒளியாம வா. மூணாவது வளைவுல நீ மூச்சு வாங்குன சத்தத்துல எனக்கு வாத்து சொன்னதே கேக்கல."