உடல் கிடைக்காதவருக்கு எந்தச் சடங்கு? சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை ஒரு கேள்வியோடு

கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகும் வழி கேட்டு இந்தப் பக்கத்துக்குப் பலர் எழுதுகிறீர்கள். போன பெப்ரவரியில் நானும் அந்தக் கரை முழுக்க அலைந்தேன், ஆனால் படகில் ஏறவில்லை. ஒரே கேள்வியை நான்கு மதத்தவரிடம் கேட்டு வரப் போயிருந்தேன்.

என் தம்பி சுதன் யுத்தம் முடிந்து, முகாமிலிருந்து வெளியே வந்த பிறகு தொழில் தேடிக் கற்பிட்டிக்குப் போனவன். அங்கேயே றீற்றா என்ற கத்தோலிக்கப் பிள்ளையைக் கலியாணம் செய்தான். இரண்டு வருடத்துக்கு முன் சோளகக் காற்று அடித்த நாளொன்றில் அவன் போன போட் திரும்பவில்லை. மூன்று பேர் போனார்கள். ஒருவருடைய உடலும் கரைக்கு வரவில்லை.

வவுனியாவில் என்னோடு இருக்கும் அம்மா ஒரு கிரியைக்கும் சம்மதிக்கவில்லை. “குண்டுக்கும் ஷெல்லுக்கும் தப்பின பிள்ளையைத் தண்ணியோ கொண்டுபோகும்? வருவான். அவள் தாலியைக் கழட்டக்கூடாது” என்பதுதான் அவரது ஒரே கதை. றீற்றா எதிர்த்துப் பேசுகிறவள் அல்ல. தை மாதம் ஒருநாள் தொலைபேசியில் மட்டும் சொன்னாள்: “மச்சாள், நான் கலியாணம் கட்டினவளா, விதவையா எண்டு எனக்கே விளங்கேல்ல. பூசைக்குப் போனாச் சனம் கேக்குது. கோயிலுக்கும் போறேல்ல இப்ப. ஆரையாவது கேட்டுச் சொல்லுங்கோவன்.”

கேட்டுச் சொல்வதில்லை, இருவருமாகப் போய்க் கேட்பது என்று முடிவெடுத்தேன். மருந்துக்கடையில் இரண்டு நாள் லீவு எடுத்தேன். பதில் இல்லாமல் வவுனியாவுக்குத் திரும்புவதில்லை என்று பஸ்ஸில் ஏறும்போதே நினைத்துக்கொண்டேன்.

வவுனியாவிலிருந்து வருகிறவர்களுக்குப் புத்தளம்தான் முதலில் வரும். நான் இறங்காமல் சிலாபம் வரை போனேன். முன்னேஸ்வரத்தில் தொடங்கவேண்டும் என்பது என் பிடிவாதம். றீற்றா கற்பிட்டியிலிருந்து வந்து பஸ் நிலையத்தில் நின்றாள். அங்கிருந்து கோயில் மூன்று கிலோமீற்றருக்குள்தான். முச்சக்கரவண்டிக்கு நூற்றைம்பது ரூபாய் கொடுத்தோம். காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்த நேரத்தில் போனால் குருக்கள்மாரோடு ஆறுதலாகப் பேசலாம்.

வெளி வீதியில் மாலை கட்டுமிடத்துக்கு அருகே உட்கார்ந்திருந்த வயதான ஐயர் ஒருவர் எங்கள் கதையை முழுதாகக் கேட்டார். “உடம்பு இல்லாட்டித் தர்ப்பையால ஒரு உடம்பு செய்து தகனம் செய்யலாம். பிறகு எல்லாக் கிரியையும் வழமை போலத்தான். உடம்பில்லாமல் உயிர் அந்தரிக்கக்கூடாது, அதுக்குத்தான். ஆனா பழைய முறைப்படி பன்னிரண்டு வருசம் பாக்கவேணும்.”

“பன்னிரண்டோ!” என்றாள் றீற்றா. பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்: “எல்லாம் செய்து முடிச்ச பிறகு ஆள் வந்து நிண்டா, ஐயா?”

“அதுக்கும் விதி இருக்குப் பிள்ளை. புதுசாப் பிறந்த குழந்தை மாதிரி அவருக்கு எல்லாச் சடங்கும் முதலில இருந்து செய்யவேணும். அதே மனிசியைத் திரும்பக் கலியாணமும் கட்டவேணும்.”

“திரும்பவும் அந்தாளையோ?” றீற்றா சிரித்துவிட்டாள். சுதன் போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. சிரிப்பு நிற்கும் முன்பே கண் நிறைந்துவிட்டது. ஐயர் முகத்தை மறுபக்கம் திருப்பி, மாலை கட்டுகிறவரிடம் பூவைப் பற்றி ஏதோ கேட்டார்.

அங்கிருந்து புத்தளம் பஸ் எடுத்து, முந்தல் என்ற ஊருக்கு முன்னால் தெருவோரத்திலிருந்த சிறிய விகாரையில் இறங்கினோம். றீற்றாவோடு கருவாட்டு வாடியில் வேலை செய்யும் சிங்களப் பெண் சொல்லி அனுப்பிய இடம் அது. அங்கிருந்த ஹாமுதுருவுக்கு, அதாவது பிக்குவுக்கு, என் வயதுதான் இருக்கும். எனக்குச் சிங்களம் அரைகுறை. றீற்றா தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். அவளே கேட்டு அவளே எனக்குத் தமிழில் சொன்னாள்.

“தானம் குடுத்துப் புண்ணியத்தை அவருக்கு எண்டு நினைக்கலாமாம். அவர் எடுக்கக்கூடிய இடத்தில பிறந்திருந்தா எடுப்பாராம். இல்லாட்டி அது எங்களுக்கே இருக்குமாம். வீணாப் போகாதாம்.” பிறகு ஹாமுதுரு அவளிடம் ஒரு கேள்வி கேட்டார். அவள் அதை எனக்குச் சொல்லாமல், கீழே பார்த்தபடி சிங்களத்திலேயே ஒரு சொல்லில் பதில் சொன்னாள். வெளியே வந்த பிறகுதான் கேட்டேன்.

“அவர் இல்லாததோ, என்ன நடந்தது எண்டு தெரியாததோ, எது கூடத் துன்பம் எண்டு கேட்டார். தெரியாததுதான் எண்டன்.”

அந்த வெயிலில் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நின்றோம். இந்தப் பாதையில் தண்ணீர்ப் போத்தல் இல்லாமல் இறங்காதீர்கள். பாலாவியில் பஸ் மாறவேண்டும். அங்கிருந்து கற்பிட்டி ஏறத்தாழ நாற்பது கிலோமீற்றர். ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலும், நடுவில் வெங்காயத் தோட்டங்களுமாகத் தெரு போகும்.

சுதன் போன போட்டின் சொந்தக்காரர் நஸீர் ஹாஜியாரின் வீடு கற்பிட்டிக் கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்தது. அவருடைய தங்கையின் மகனும் சுதனோடு அதே போட்டில் போனவன். இது தெரிந்தும் இந்த இரண்டு வருடத்தில் அந்த வீட்டு வாசலை நான் மிதித்ததில்லை. பிளேன்டீ வந்தது. றீற்றாவுக்குக் கதிரையை இழுத்துப் போட்டுவிட்டு ஹாஜியார் பேசினார்.

“எங்கட மார்க்கத்தில காணாமப் போன ஆள் உசிரோட ஈக்கிறவர் கணக்குத்தான் மகள். சொத்துப் பிரிக்க ஏலாது, பொஞ்சாதி வேற நிக்காஹ் செய்ய ஏலாது. ஆனா அப்பிடியே காலம் முழுக்க அந்தப் புள்ளையக் கட்டிவைக்கவும் ஏலாது. காதியாரிட்டப் போனோம். அவரு கடலுக்குப் போன ஆக்களைக் கூப்பிட்டு விசாரிச்சி, மவுத்து எண்டு தீர்ப்புச் சொன்னாரு. பொறகு பள்ளியில காயிப் ஜனாஸா தொழுதோம், மையித்து முன்னால இல்லாம.”

“மாமி சம்மதிச்சவவோ?” என்று கேட்டாள் றீற்றா. பையனின் தாயைத்தான் சொன்னாள்.

“தங்கச்சியோ? அண்டைக்கு முழுக்க என்னோட கதைக்கல்ல. இப்பவும் அவன்ட சட்டையக் கழுவிக் காயப் போடுறா. யாரும் ஒண்டும் சொல்ற இல்ல. மருமகள் நாலு மாசம் பத்து நாள் வெளிய போகாம இத்தா இருந்து முடிச்சிட்டா. அவவுக்கு ஒரு இடத்தில நிக்காஹ் பேசியும் ஈக்கி. ரெண்டும் இந்த வீட்டுக்குள்ளதான் நடக்குது.”

அன்று றீற்றாவின் வீட்டில் தங்கினேன். விடிந்ததும் அவளே சொன்னாள்: “தலவிலவுக்குப் போவம் மச்சாள்.” வந்த தெருவில் கொஞ்சத் தூரம் திரும்பிப்போய், சந்தியில் இறங்கிக் கடற்கரைப் பக்கம் போகவேண்டும். புனித அன்னம்மாள் கோயில் வளவில் திருவிழாக் கூட்டம் இல்லாததால் மரநிழலெல்லாம் வெறுமையாகக் கிடந்தது.

பூசைக்குப் பெயர் கொடுக்குமிடத்தில் ஒரு கன்னியாஸ்திரி இருந்தார். “என்ன கருத்துக்குப் பிள்ளை? நன்றிக்கோ, சுகத்துக்கோ, இறந்த ஆன்மாவுக்கோ?”

பின்னால் வரிசையில் நின்ற அம்மா ஒருவர் செருமினார். நான் வாய் திறக்கப் போனேன். றீற்றா என் கையைப் பிடித்து அழுத்தினாள். சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. “உயிரோட இருந்தாலும் இல்லாட்டியும் அவர் ஆண்டவற்ற கையிலதான். உங்களுக்குத் தெரியாட்டி ஆண்டவருக்குத் தெரியும். பேரை மட்டும் சொன்னாலும் காணும்.”

“இல்லை சிஸ்டர். இறந்த ஆன்மாவுக்கு” என்றாள் றீற்றா. நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள்.

பூசை முடியும்வரை முழங்காலில் இருந்தாள். வெளியே மணலுக்கு வந்ததும் என் தொலைபேசியை வாங்கி, அம்மாவுக்கு அவளே எடுத்தாள். நான் தடுத்தேன். கேட்கவில்லை.

“மாமி, நான் றீற்றா. இண்டைக்கு அவருக்குப் பூசை குடுத்தன். செத்தவர் எண்டு சொல்லித்தான் குடுத்தன். உங்களுக்குச் சொல்லாமல் இருக்க எனக்கு ஏலாது.”

அம்மா கத்துவார் என்று நான் பக்கத்தில் நின்றேன். பிறகு அம்மாவின் குரல் எனக்கும் கேட்டது. “முழுப்பேரைச் சொன்னியா? சுதாகரன் எண்டு?”

“ஓம் மாமி.”

“சரி. நான் அவன்ர வழி பாத்துக்கொண்டுதான் இருப்பன். நீ பாத்துக்கொண்டு இருக்காத.”

எல்லா மதமும் ஒன்றையே சொல்கின்றன என்று யாராவது இனி என்னிடம் சொன்னால் சண்டை பிடிப்பேன். ஐயர் போன உயிரின் பயணத்தை நினைத்தார். ஹாமுதுரு கேட்டவளின் மனதைப் பார்த்தார். ஹாஜியாரின் மார்க்கம் இருக்கிறவர்களின் உரிமையைத் தீர்த்து வைத்தது. சிஸ்டர் தெரியாததை ஆண்டவரிடம் விட்டார். பன்னிரண்டு வருடமும் ஒரு தீர்ப்பும் ஒன்றாகுமா? ஒரே பதிலை நான்கு தரம் கேட்டிருந்தால் றீற்றா அந்த வரிசையில் அப்படி நிமிர்ந்து நின்றிருக்க மாட்டாள். வேறுவேறாக இருந்ததால்தான் அவளுக்குத் தெரிவு செய்ய இடம் கிடைத்தது.

போகிறவர்களுக்கு: மார்ச், ஓகஸ்ட் திருவிழா நாட்களில் தலவில நிரம்பி வழியும், ஆறுதலாகப் பேச விரும்பினால் அந்த நாட்களைத் தவிருங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடுப்பு எல்லா இடத்துக்கும் பொருந்தும். ஒரு சால்வையும் வைத்திருங்கள். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்ஆ நேரத்தில் கற்பிட்டியில் யாரையும் தேடிப் போகாதீர்கள். கேள்வி உங்களுடையதாக இல்லாவிட்டால், அது யாருடையதோ அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். பதில் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நில்லுங்கள்.