சாமான் பிளேன்

போன வெள்ளிக்கிழமை நெல்லியடிச் சந்தியில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் சீருடையோடு ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, கையில் போன்.

தலைக்கு மேலே தூரத்தில் ஒரு சத்தம். அந்தப் பிள்ளை நிமிர்வதற்குள் என் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "ஹெலி." சொன்னதோடு விட்டேனா? கால் இரண்டும் என்னைக் கேளாமலே பஸ் தரிப்பிடச் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டன. ஐம்பது தாண்டிய ஒரு மனுசி பட்டப்பகலில் சுவரோடு ஒட்டி நிற்பது பார்க்க நன்றாகவா இருக்கும்?

ஹெலிகொப்டர் தெரிந்தது, போனது. "பாக்காமலே எப்பிடி அன்ரி சொன்னனீங்கள்?" என்று பிள்ளை கேட்டது. சிரித்துச் சமாளித்தேன். உண்மையான பதில் முப்பது வருசத்துக்கு மேல் பழசு...

தொண்ணூறுகளின் தொடக்கம், எங்கள் பக்கம் சண்டை நடந்த காலம். எனக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை, சவர்க்காரம்கூட இல்லை. ஆனால் டியூட்டரி இருந்தது. எங்கள் ஊரில் எது நின்றாலும் டியூஷன் நிற்காது, தெரியும்தானே? கிடுகு வேய்ந்த நீளக் கொட்டில், நாலு பக்கமும் அரைச்சுவர், பின்னால் பனங்குற்றி அடுக்கி மண்மூட்டை போட்ட ஒரு பங்கர்.

அந்தக் கொட்டிலில் எனக்குத் தனி மரியாதை. படிப்பால் அல்ல — கெமிஸ்ரியில் நான் நடுத்தரம்தான். என் காதுக்குக் கிடைத்த மரியாதை அது. வானத்தில் சத்தம் கேட்டால் மாஸ்டர் சோக்கட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைத்தான் பார்ப்பார். "என்னவாம் பிள்ளை?"

ஹெலி என்றால் சுட்டுக்கொண்டு வரும், சுவருக்கு மறைய வேண்டும். பொம்மர் என்றால் பாய்ந்து வந்து குண்டு போடும், யோசிக்க நேரமில்லை, ஓட வேண்டும். சகடை என்று இன்னொன்று. பழைய வண்டி மாதிரிக் கடகடத்து, மெதுவாக வட்டமடித்து, பீப்பாய் பீப்பாயாகக் குண்டை உருட்டிவிடும். சாமான் பிளேன் என்றால் பயமில்லை, அது பலாலி ஆமிக் காம்புக்கு அரிசி பருப்பு ஏற்றிப் போவது. பேசாமல் படிக்கலாம்.

இதில் வில்லங்கம் என்னவென்றால், சகடைக்கும் சாமான் பிளேனுக்கும் சத்தம் ஏறக்குறைய ஒன்று. வட்டம் போட்டால் சகடை, நேரே போனால் சாமான். வட்டம் போடும்வரை பார்த்திருக்கத் தேவையில்லை, இவள் முதலே சொல்லிவிடுவாள் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயர் என் தலைக்கு ஏறியிருந்தது.

உள்ளதைச் சொல்கிறேன். நான் சரியாகச் சொன்னவற்றில் பாதி குருட்டு வாக்கு. ஆனாலும் "தெரியேல்லை சேர்" என்று ஒருநாளும் சொன்னதில்லை. பதினெட்டு வயதில் அந்தச் சொல் வாயில் வருமா?

பயமில்லாத பிள்ளை என்றும் ஒரு பெயர் இருந்தது. அது சுத்தப் பொய். பயம் எனக்கு எந்நேரமும் இருந்தது. வந்தது இன்னது என்று சொல்லிவிட்டால் பயம் கொஞ்சம் அடங்கும் — அதற்காகத்தான் அவ்வளவு அவசரமாகச் சொன்னேன்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். மழை விட்டிருந்தது, வானம் மூடிக் கிடந்தது. தங்கச்சி சுமியைச் சைக்கிள் கரியரில் ஏற்றி வந்திருந்தேன். பன்னிரண்டு வயது அவளுக்கு. எதிர் ஒழுங்கையில் இருந்த கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் கொடுக்கிறார்கள் என்று அம்மா அவளிடம் கூப்பன் மட்டையையும் ஒரு போத்தலையும் கொடுத்து அனுப்பியிருந்தார். அவள் கியூவில் நிற்பது, வகுப்பு முடிய நான் ஏற்றிக்கொண்டு போவது... இதுதான் ஏற்பாடு.

சத்தம் மேகத்துக்குள்ளிருந்து வந்தது. கடகட... கடகட... கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை. மாஸ்டர் சோக்கட்டியை வைத்தார். அதே நேரம் அரைச்சுவருக்கு மேலால் சுமியின் முகம். மூச்சு வாங்க ஓடி வந்திருந்தாள். கியூவில் சிலர் ஓடிவிட்டார்களாம், சிலர் நிற்கிறார்களாம்.

"அக்கா, என்ன பிளேன்? நான் நிக்கவோ, ஓடவோ?"

முழு வகுப்பும் என்னைப் பார்த்தது. பங்கருக்குள் முழங்கால் அளவு மழைத்தண்ணீர். நானோ சவர்க்காரத்துக்குப் பதில் பனங்களி போட்டுத் தோய்த்து வெளுத்த ஒரே வெள்ளைச் சட்டையோடு. எனக்கு அது என்ன பிளேன் என்று தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை.

"சாமான் பிளேன்தான். நீ கியூவை விடாதை."

"உண்மையாவோ அக்கா?"

"எனக்குத் தெரியாததே? போ."

போய்விட்டாள்.

மாஸ்டர் எழுதத் தொடங்கினார். சத்தம் தேய்ந்தது. அப்பாடா என்று மூச்சை விட்டேன். பாதி மூச்சில் அது திரும்பி வந்தது. நேரே போனது எப்படித் திரும்பி வரும்?

எழும்பி "சேர்" என்றதுதான் தெரியும். நிலம் குலுங்கியது. கூரைக் கிடுகு தலையில் கொட்டியது. யாரோ என்னைப் பங்கருக்குள் தள்ளினார்கள். தண்ணீருக்குள் குந்தியிருந்தபடி அடுத்ததைக் கேட்டேன். அதற்கடுத்ததையும் கேட்டேன். எல்லாம் சங்கக்கடைப் பக்கம். அதைச் சொல்ல மட்டும் என் காது தவறவில்லை.

அதுவரை எனக்கு இருந்தது என் உயிரைப் பற்றிய பயம். அதோடு வாழப் பழகியிருந்தேன். இது வேறு. என் சொல்லைக் கேட்டு ஒருத்தி அங்கே நிற்கிறாள். சுமி சொல்வழி கேட்கிற பிள்ளை... அசையாமல் நிற்பாள். முருகா, இன்றைக்கு மட்டும் அவள் என் சொல்லைக் கேட்டிருக்கக் கூடாது என்று நல்லூரானை மன்றாடினேன்.

சத்தம் ஓயுமுன்பே ஓடினேன். ஒழுங்கை முழுக்கப் புகை. சங்கக்கடை ஓடுகள் கொட்டுண்டு கிடந்தன. கியூ நின்ற இடத்தில் உடைந்த போத்தல்களும் மண்ணெண்ணெய் மணமும்தான் மிச்சம். இரண்டு பேரைச் சாக்கில் கிடத்தித் தூக்கிக்கொண்டு போனார்கள். முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. காலைப் பார்த்தேன். சுமியின் நீலச் செருப்பு இல்லை.

அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். மூன்றாம் முறை கூப்பிட்டபோது, காலடியில் இருந்து ஒரு குரல் "அக்கா" என்றது. ஒழுங்கை முகப்பில் ஒரு சின்ன மதகு. அதற்குள் சேறும் சகதியுமாக, போத்தலை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்தபடி அவள்.

இழுத்து எடுத்து, கட்டிக்கொண்டு, முதுகில் ரெண்டு அடியும் போட்டேன். அழுதுகொண்டே நான் கேட்ட கேள்வி என்ன தெரியுமா? "நிக்கச் சொன்னனான்தானே, ஏன் நிக்கேல்லை?" வெட்கம் கெட்ட கேள்வி. இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

"நீ சொன்னனிதான் அக்கா. ஆனா எனக்கு என்ன பிளேன் எண்டு தெரியேல்லை. அதுதான் இறங்கிட்டன்."

இரண்டு கிழமையில் கொட்டிலைத் திரும்ப வேய்ந்தார்கள். முதல் நாளே சத்தம் வந்தது. மாஸ்டர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். "தெரியேல்லை சேர்" என்றேன். முழு வகுப்பும் எழும்பிப் போய்ச் சேற்றுத் தண்ணீருக்குள் இறங்கியது. அது நேரே போய்விட்டது, சாமான் பிளேன். ஒருத்தரும் என்னைக் குறை சொல்லவில்லை. மூன்று நாள் சட்டை தோய்த்தேன், அவ்வளவுதான்.

இன்றைக்கு யாரிடம் எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. நோய் வருத்தத்துக்கு மருந்து கேட்டாலும், பிள்ளையை எந்தப் படிப்புக்கு விடலாம் என்று கேட்டாலும், அடித்துச் சொல்கிறார்கள். அந்தப் பதிலை நம்பி யாருடைய தங்கச்சி எந்தக் கியூவில் நிற்கிறாள் என்று யார் யோசிக்கிறார்கள்?

சரி, நெல்லியடிச் சந்திக்கு வருகிறேன். பஸ் இன்னும் வரவில்லை. வானத்தில் மறுபடியும் ஒரு சத்தம். அந்தப் பிள்ளை ஆவலோடு என் பக்கம் திரும்பி, "அப்ப உது என்ன அன்ரி?" என்று கேட்டது.

"தெரியாது பிள்ளை. எதுக்கும் நீ உள்ளுக்கு வந்து நில்."