காலில் சங்கிலியோடு வந்த பூதம்

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் என் மூன்றாவது ஷெட்டை நான் கட்டி முடித்தபோது, அதன்மேல் விழாத கண்ணே இல்லை. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன், தலையில் இரும்பு சுமந்தவன், இன்றைக்குக் கிரேன் வைத்துத் தூக்குகிறானே என்று வயிறு எரியத்தானே செய்யும். அதனால் திறப்புக்கு முன் வாசல் தகரத்தில் ஒரு திருஷ்டி பூதம் வரைந்தாக வேண்டும். அதுவும் சந்தையில் எவனிடமும் இல்லாத பூதம்.

மாதிரி என்னிடமே இருந்தது. பெரம்பூரில் ஒரு வீட்டில் எடைக்கு வாங்கிய பீரோவுக்குள் ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் கிடந்தது. தமிழ்தான். நான் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் டீ ஆறிவிடும் என்பதால் படம் மட்டும் பார்த்தேன். கடலிலிருந்து ஒரு பூதம் எழுந்து வருகிறது. அதன் வாய்க்குள் என் குட்டியானை லோடு வண்டியை நிறுத்தலாம்.

வரைய வந்தவர் வண்ணாரப்பேட்டை பெயின்டர் பாய், என் பழைய தோஸ்து. புத்தகத்தைப் புரட்டிவிட்டு பிரஷ்ஷைக் கீழே வைத்தார்.

“மாமு, கதைய படிச்சியா நீ?”

“படம் கீது இல்ல, இன்னாத்துக்குப் படிக்கணும்?”

“இத்த வரைஞ்சா எவனும் பயப்பட மாட்டான். அழுவுது பாரு.”

நான் எச்சில் என்று நினைத்தது கண்ணீராம்.

டீ குடித்தபடியே பாய் முழுக்கதையையும் படித்துக் காட்டினார். பூதம் துறைமுகத்துக்கு வருகிறது, ஊரே கூடி அடிக்கிறது. பறந்து வரும் ஹீரோவும் முதலில் நாலு குத்து விடுகிறான். ஐந்தாவதுக்குக் கையை ஓங்கும்போதுதான் அதன் காலைப் பார்க்கிறான். நங்கூரச் சங்கிலி ஒன்று சதைக்குள் இறுகிக் கிடக்கிறது. அதை யாராவது எடுத்துவிட மாட்டார்களா என்றுதான் அது கரைக்கு வந்திருக்கிறது. அப்புறம் நாலு பக்கத்துக்கு அவன் முக்கி முனகிச் சங்கிலியை அறுக்கிறான்.

“நாலு பக்கமா? நம்ம ஷெட்டுல இரும்பு அறுக்குற கட்டர் நாலு நிமிசத்துல எடுத்துடுவான். காலுல சூடுகூடப் படாது” என்றேன்.

“யாரு, டிரம் வெடிச்சுதே, அவனா? அவனத்தான் நாளைக்கித் திறப்பு அன்னிக்கி எண்ணூருக்குத் தொரத்துறியாமே?”

என் ஷெட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஆரம்பித்தது, இப்போது தெருவே செய்கிறது. திறப்பு அன்று கற்பூரத் தட்டிலிருந்து கேஸ் டார்ச்சைப் பற்றவைத்து, ஒரு கட்டர் முதல் தகட்டை அறுப்பான். முதல் இரண்டு ஷெட்டிலும் அறுத்தவன் அவன்தான். பிறகு ஒருநாள், நான் காலி என்று சொன்ன டிரம்மை அறுக்கப்போய், உள்ளே தங்கியிருந்த எண்ணெய் ஆவி பற்றிக்கொண்டு அவன் முகத்தில் பாதி வெந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் நான் ஒரு குறையும் வைக்கவில்லை. அதை இன்றும் மார்தட்டிச் சொல்வேன். ஆனால் திரும்பி வந்தவனை ஷெட்டின் பின்பக்கம் போட்டேன். முதல் வேலைக்கு முகராசி வேண்டும் என்பது சந்தையில் எழுதாத சட்டம். திறப்புக்கு வேறு ஆள் பிடித்து, இவனுக்கு எண்ணூரில் ஒரு லோடு பார்க்கும் வேலை கொடுத்தேன். சாமர்த்தியம் என்றுதான் நினைத்தேன்.

பாய் சங்கிலிப் படத்தை விரித்தபடியே என் முன்னால் வைத்துவிட்டுச் சாயம் கலக்கப் போனார். அந்தச் சங்கிலி யார் கப்பலுடையது என்று கதையில் இல்லை. டிரம் யார் வாங்கியது என்று எனக்குத் தெரியும்.

பின்பக்கம் போனேன். அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

“நாளைக்கி எண்ணூரு போவாத. மொத வெட்டு நீதான்.”

“இன்னா நைனா, திடீர்னு பாவம் பாக்குறியா? அப்பிடின்னா வேணாம். நான் எண்ணூருக்கே போறேன்.”

புத்தகத்தில் பூதத்துக்கு வசனம் கிடையாது. இவனுக்கு நிறையவே உண்டு.

“பாவம் இல்லடா. மோந்துகூடப் பாக்காம அந்த டிரம்ம காலின்னு சொன்னவன் நானு. உன் மூஞ்சிய ஒளிச்சு வச்சவனும் நான்தான். ரெண்டும் என் தப்பு.”

இத்தனை நாளில் இதை நான் அவனிடம் சொன்னதே இல்லை. அவன் டார்ச்சின் முனையைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தான்.

“மொத ரெண்டு ஷெட்டும் ஓடுதா நைனா?”

“ஜோரா ஓடுது.”

“அப்ப அது யாரு ராசி? நீ புடிச்ச அந்தாளு வெட்டுனா பிசிறு அடிக்கும், அப்பால நீதான் பேஜாராவ. நானே வரேன்.”

வாசலுக்கு வழக்கமான கோரைப்பல் பூதத்தையே பாய் வரைந்து கொடுத்தார். திறப்புக்குச் சந்தையே வந்தது. சிலர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. கற்பூரத்தில் டார்ச்சைக் காட்டி, நீலத் தீநாக்கைச் சீவி எடுத்து, முக்கால் அங்குலத் தகட்டை நூல் பிடித்தமாதிரி அறுத்தான். சூடு ஆறியதும் ஒரு வியாபாரி குனிந்து ஓரத்தை விரலால் தடவினார்.

“பிசிறே இல்லியே! ரெண்டு நாளு நம்ம கடைக்கு வாயேம்பா.”

நான் வாயைத் திறப்பதற்குள் அவனே பதில் சொல்லிவிட்டான்.

“தோதுப்படாது நைனா. எனக்கு இங்க முன்னாடியே வேலை கீது.”