என் மகளுக்காக நான் திரும்ப வாங்கிய சாட்சி

ஆடி மாசத்துக் காற்று மண்ணை வாரி முகத்தில் அடித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறிய என் மகள் பாதி வழியில் இறங்கி நடந்தே வீட்டுக்கு வந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. "நைனா, நெஞ்சு அடிச்சிக்கினே கீது. கை மரத்துப் போச்சு. மூச்சு உள்ள போவல. செத்துடுவேன்னு நெனச்சேன்" என்றாள்.

சுகந்திக்கு அப்போது பதினாறு வயது. நான்கு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தொன்றில். பென்னலூரிலிருந்து பெரும்புதூருக்குப் போய்ப் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். பங்குனியில் பரீட்சை. எங்கள் வம்சத்தில் அந்தப் பரீட்சை வரைக்கும் போன முதல் பெண் அவள்.

பித்தம் என்றோம். மறுவாரமும் வந்தது. ஊசி போட்டோம். அதற்கடுத்த வாரம் இரண்டு தரம் வந்தது. பஸ் சத்தம் கேட்டாலே முந்தானையைக் கையில் முறுக்கிக்கொள்வாள். பக்கத்து வீட்டில் காத்து கருப்பு என்றார்கள். என் மச்சான் வந்து, "படிப்பு ஏறல, டபாய்க்கிறா. காலாகாலத்துல ஒருத்தன் கையில புடிச்சிக் குடுத்துடு மாமா" என்றான். நான் அவளைத் திட்டினேன். திட்டிவிட்டு முழங்காலில் நின்றேன். எழுந்து மறுபடியும் திட்டினேன். என் கால் ஓரிடத்தில் நிற்காத கால், பிரியமானவர்களே. சபையில் பாட்டுக் கட்டிப் பாடுகிறவன் நான். கம்பெனியில் டிரில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். காத்திருக்க மட்டும் எனக்குத் தெரியாது. ஆண்டவரிடமும் அவசரப்பட்டேன்.

எங்கள் சபையின் பழக்கத்தை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சுகம் கிடைத்தவர்கள் ஞாயிறு ஆராதனையில் எழுந்து சாட்சி சொல்ல வேண்டும். கையோடு ஒரு காணிக்கையும் கொண்டுவர வேண்டும். பூசணிக்காயோ வாழைத்தாரோ சேவலோ, எதுவானாலும் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள்.

ஐப்பசியில் நடந்த எழுப்புதல் கூட்டத்தில் வெளியூர்ப் பிரசங்கியார் ஒருவர் சுகந்தியின் தலையில் கைவைத்து ஜெபித்தார். அவள் அழுதாள், பிறகு சிரித்தாள். ஒரு வாரம் எதுவும் வரவில்லை. அந்த ஒரு வாரம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சேவலைத் தூக்கிக்கொண்டு போய் எழுந்து நின்றேன். "என் மகள் பூரண சுகமானாள், இனி அது அவளைத் தொடாது" என்றேன். சபை கைதட்டியது. சேவலை செல்லையா அண்ணன் ஏலம் எடுத்தார். பெண்கள் வரிசையில் சுகந்தி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு வீடு அமைதியானது. அவள் புகார் சொல்வதே இல்லை. காலையில் சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு போவாள், சாயங்காலம் வருவாள். ஆனால் தாவணிக்குள் தோள் எலும்பு முட்டிக்கொண்டு வந்தது. கார்த்திகையில் ஒரு காலை, நான் ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது என் மனைவி ஞானம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தாய்யா, பொண்ண ஒரு தரம் நல்லா பாத்தியா?"

"அதான் சுகமாயிட்டாளே."

"அது நீ சொன்னது. அவ இன்னும் சொல்லல."

வழியெல்லாம் அது முள்ளாய்க் குத்தியது. அன்றைக்கு சைக்கிளை மிதித்துக்கொண்டே ஜெபித்தேன். நீளமாக இல்லை. பாட்டுமில்லை. 'ஆண்டவரே, எனக்குத் தெரியாதது எதுவோ, அதைக் காட்டும்.' அவ்வளவுதான்.

அன்று என் மெஷின் ஓடவில்லை. போட்டால் நின்றது. மறுபடி போட்டால் மறுபடி நின்றது. எலக்ட்ரீஷியன் பாஷா வந்து மோட்டாரில் கைவைத்துப் பார்த்தார், சூடே இல்லை. சுவரில் இருந்த சின்னப் பெட்டியைத் திறந்தார். பாரம் அதிகமானால் மோட்டார் எரிந்துபோகாமல் கரண்டை நிறுத்துகிற பெட்டி அது.

"மோட்டார் நல்லாத்தான் கீது தாஸு. இந்த டப்பாதான் பயந்து சாவுது. செட்டிங் எறங்கிப் போச்சு. ஒண்ணும் இல்லாததுக்கே ஆஃப் பண்ணிடுது."

வேறு பெட்டி சாயங்காலம்தான் வரும் என்றார்கள். சூப்பர்வைசர் என்னைப் பார்த்து, "சும்மா குறுக்கயும் நெடுக்கயும் நடக்காத. வூட்டுக்குப் போய்ட்டு சாயங்காலம் வந்து ஓவர்டைம் பாரு" என்றார்.

பத்து மணி வெயிலில் திரும்பினேன். ஏரி தளும்பிக் கிடந்தது. மதகுப் பக்கம் நீலத் தாவணி ஒன்று. பள்ளிக்கூடத்துத் தாவணி. பக்கத்தில் எங்கள் வீட்டுச் சோற்று டப்பா.

சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன். அவள் என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

"சாவணும்னு வரல நைனா. சாவப்போறேனோன்னுதான் பயம். பஸ்ஸுல அது வருது. அதான் ஏறாம இங்க குந்திக்கினு கீறேன்."

"எத்தினி நாளா?"

"நீ சாட்சி சொன்னதுக்கு அடுத்த வாரத்திலேர்ந்து. ஸ்கூலுக்குக் காய்ச்சல்னு நானே உன் கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன்."

"ஏம்மா என்கிட்ட சொல்லல?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சேவல ஏலம் வுட்டாங்க. எல்லாரும் கைதட்டுனாங்க. அதுக்கப்புறம் நான் எப்படி நைனா மறுபடியும் சீக்காவுறது?"

பிரியமானவர்களே, அந்த இடத்தில் நான் உடைந்தேன். என் பிள்ளையின் வாயை நானே அடைத்திருக்கிறேன். என் சாட்சி பொய்யாகிவிடக் கூடாது என்று அந்தக் குழந்தை தனியாக ஏரிக்கரையில் நடுங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தேன். என் கால்கள் அன்றைக்குத்தான் ஓரிடத்தில் நின்றன.

சாயங்காலம் கம்பெனியில் பாஷா புதுப் பெட்டி மாட்டிக்கொண்டிருந்தார். அவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"என் தங்கச்சிக்கும் இதே பேஜார்தான். தர்காவுக்குப் போனோம், தாயத்து கட்டுனோம். கடைசியில மெட்ராஸ்ல ஒரு டாக்டரம்மாகிட்ட காட்டுனோம். மனசு டாக்டர்."

"பைத்தியம்னு எழுதிட மாட்டாங்களே?"

"என் தங்கச்சி இப்ப ரெண்டு புள்ளைக்கி அம்மா. வீட்டுக்காரரையே மெரட்டிக்கினு கீறா. நீ வந்து பாத்துட்டுப் பைத்தியம்னு சொல்லு, பாக்கலாம்."

பஸ்ஸில் எப்படிக் கூட்டிப்போவது என்று தவித்தேன். மெட்ராஸுக்குச் சரக்கு ஏற்றிப்போகும் லாரி டிரைவரிடம் பாஷாவே பேசினார். ஜன்னலோரம் சுகந்தி, நடுவில் ஞானம், நான் பின்னால் பெட்டிகளோடு. தண்டலம் தாண்டியதும் சுகந்திக்கு அது வர, ஞானம் டிரைவரின் கையைத் தட்டினாள், லாரி நின்றது. கொஞ்ச நேரம் நின்று, மறுபடி புறப்பட்டது.

டாக்டரம்மா எங்களை வெளியே உட்காரவைத்து அவளிடம் வெகுநேரம் பேசினார். நெஞ்சையும் பரிசோதித்தார். பிறகு எங்களைக் கூப்பிட்டார். "இது நடிப்பில்லை, பேயில்லை, பைத்தியமும் இல்லை. பதற்ற நோய். ஆபத்து இல்லாதபோதே உடம்பு ஆபத்து என்று நம்பிவிடுகிறது. அந்தப் படபடப்பு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். ஒவ்வொரு தடவையும் தப்பி ஓடினால் பயம்தான் வளரும்" என்றார்.

எனக்கு என் மெஷின் சுவரில் இருந்த பெட்டி ஞாபகம் வந்தது. நல்ல மோட்டார். அதைத்தான் இத்தனை மாதமும் திட்டிக்கொண்டிருந்தேன்.

"ஜெபம் பண்ணலாமா அம்மா?" என்று கேட்டேன்.

"தாராளமா. ஆனா சுகமாயிட்டாளான்னு தினம் தினம் சோதிச்சுப் பாக்காதீங்க. பயப்படாதேன்னு சொல்லாதீங்க. கூட இருங்க."

மாத்திரை தந்தார். மாதம் ஒருமுறை வரச் சொன்னார். பஸ்ஸுக்கும் ஒரு வழி சொன்னார்: முதலில் ஒரே ஒரு ஸ்டாப், அது பழகியதும் இரண்டு.

அடுத்த ஞாயிறு ஆராதனையில் எழுந்தேன். கையில் காணிக்கை இல்லை. "நான் சொன்ன சாட்சியைத் திரும்ப வாங்கிக்கிறேன். என் மகளுக்கு இன்னும் சுகமில்லை. அவசரப்பட்டது நான், அவளில்லை" என்றேன்.

செல்லையா அண்ணன் மெதுவாக எழுந்தார். "அப்ப அந்தச் சேவலு? நான் ஆக்கித் தின்னுட்டேனே தாஸு."

போதகர் வாயைப் பொத்திக்கொண்டார். "அத ஆண்டவர் கேக்க மாட்டாரு, நீங்க குந்துங்க" என்றார். பெண்கள் வரிசையில் முதலில் சிரித்தவள் சுகந்திதான்.

ஆராதனை முடிந்ததும் ஒரு தாய் ஞானத்தின் கையைப் பிடித்தாள். "என் பையனும் இப்பிடித்தான். ஆறு மாசமா வூட்ட வுட்டு வெளிய வரல. வெளிய சொன்னா அவிசுவாசம்னு சொல்வாங்கன்னு மூடி வெச்சிருந்தேன்" என்றாள். அடுத்த வாரம் இன்னொரு குடும்பம். போதகர் ஞாயிறு மத்தியானத்தில் கோயிலைத் திறந்துவைத்தார். பாய் விரித்து உட்கார்ந்தோம். யாரும் யாரையும் சுகமாக்கவில்லை. பேசினோம், கேட்டோம். டாக்டரம்மாவிடம் போகிறவர்களுக்குத் துணையாகப் போனோம்.

ஞானம் மகளோடு பஸ் ஏறினாள். ஒரு ஸ்டாப் போய் இறங்கி, எதிர் பஸ்ஸில் திரும்பி வருவார்கள். கண்டக்டர் சலித்துக்கொண்டார். "இன்னாம்மா, இது பஸ்ஸா ராட்டினமா? ஏறி ஏறி எறங்கிக்கினு கீறீங்க."

"டிக்கெட் வாங்குறோம் இல்ல? சுத்து" என்றாள் ஞானம்.

விஷயம் தெரிந்தபிறகு அதே கண்டக்டர் வாசலோர சீட்டில் தன் பையை வைத்து சுகந்திக்கு இடம் பிடித்து வைத்தார். தை முடிவதற்குள் பெரும்புதூர் வரை போய்விட்டாள். நடுவில் இரண்டு தரம் சறுக்கி, முதல் ஸ்டாப்பிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். தலைமை ஆசிரியையிடம் போய் நான் உண்மையைச் சொன்னேன். கள்ளக் கையெழுத்துக்கு அவளும், அதற்குக் காரணமானதற்கு நானும் மன்னிப்புக் கேட்டோம். டாக்டரம்மாவின் சீட்டைப் பார்த்து, பரீட்சை எழுத அனுமதி வாங்கித் தந்தார்.

கணக்குப் பரீட்சையின் நடுவில் அது வந்ததாம். பேனாவைக் கீழே வைத்து, இரண்டு பாதத்தையும் தரையில் பதித்து, இறங்கும்வரை உட்கார்ந்திருந்தாளாம். பிறகு பேனாவை எடுத்தாளாம். "ஒரு கணக்கு வுட்டுப்போச்சு நைனா" என்றாள். அந்த விட்டுப்போன கணக்குக்காக நான் ஸ்தோத்திரம் செலுத்தினேன். பாஸானாள்.

இன்றைக்கு அவள் டீச்சர் வேலைக்குப் படிக்கிறாள். தினமும் பஸ்தான். எப்போதாவது படபடப்பு வருகிறது. வந்தால் வீட்டில் சொல்கிறாள். சொல்ல முடிகிறதே, அதுதான் நான் செய்த ஜெபத்துக்குக் கிடைத்த பதில். காட்டும் என்று கேட்டேன். என் மெஷினை நிறுத்திக் காட்டினார். பாஷாவையும் டாக்டரம்மாவையும் வழியில் நிறுத்தி வைத்தார்.

இதை வாசிக்கிற தகப்பனே, தாயே, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு நடுங்கிக்கொண்டிருக்கலாம். மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அந்த வழியும் ஆண்டவருடைய வழிதான் என்று நம்புங்கள். ஞாயிறு மத்தியானம் எங்கள் கோயில் திறந்திருக்கும். காணிக்கை வேண்டாம், சேவல் வேண்டாம். சுகமான பிறகு வரலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். இருக்கிறபடியே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள். பாயில் இடம் இருக்கிறது.