மேசையளவு றோட்டுக்குத் தேசிக்காய்

இத்தாலித் தீவொண்டிலை இருக்கிற பலெர்மோவிலை பேரின்பநாயகம் பாத்த வேலையைச் சொன்னால் சிரிப்பியள். சிரியுங்கோ, எனக்கென்ன. பொறியியல் ஆய்வுகூடம் ஒண்டைக் கூட்டித் துடைக்கிறதும், அங்கை கிடந்த ஒரு றோட்டுக்குக் காவல் இருக்கிறதும்தான் அந்த ஆளின்ரை வேலை. சாப்பாட்டு மேசையளவு றோட்டு. கல்லும் தாரும் போட்டு உருட்டின அசல் றோட்டுத்தான், ஆனால் எங்கையும் போகாது. இரும்புக் கையிலை பூட்டின ஒற்றைச் சில்லு ஒண்டு அதுக்கு மேலை போறதும் வாறதுமாய் நாள் முழுக்க உருளும். றோட்டு எப்ப உடையுதெண்டு பாக்கினமாம். எங்கடை ஊரிலை ஒரு மாரி போதும், உடைஞ்சிடும்.

"றோட்டு உடைஞ்சால் பரிசோதனை முடிஞ்சுது. உன்ரை வேலையும் முடிஞ்சுது," எண்டு ஆய்வுகூடத்தை நடத்திற ப்ரொஃபசோரே ஸ்கலீசி முதல்நாளே சொல்லிப்போட்டார். வேலை இருந்தால்தான் பெர்மெசோ, அதுதான் இஞ்சை இருக்கிறதுக்கு அனுமதி. பெர்மெசோ இருந்தால்தான் கொழும்பு லொட்ஜிலை காத்துக் கிடக்கிற மனிசி ஞானம்பிகையை இஞ்சை எடுக்கலாம். பாவம் பேரின்பம், அவளின்ரை பயணம் அந்த மேசையளவு தாரிலை தொங்கிக்கொண்டு நிண்டுது.

புதுச் சில்லு உருளத் தொடங்கினால் நாங்கள் என்ன செய்வம்? நாவூறு, கண்ணூறு கழியக் கீழை தேசிக்காய் வைப்பம். போர்கோ வெக்கியோச் சந்தையிலை தேசிக்காய் எங்கை? கோழிமுட்டையை விடப் பெரிய மஞ்சள் எலுமிச்சை, அவையின்ரை லிமோனேதான் கிடைச்சுது. "பிள்ளையாரப்பா, இந்த றோட்டைக் காப்பாத்து" எண்டு பேரின்பம் அதை வைச்சார். சில்லு ஏறி நசிச்சுது, நாவூறு கழிஞ்சுது. ப்ரொஃபசோரே வாறதுக்கு முதல் துடைச்சும் விட்டார். பிறகு வெள்ளிக்கு வெள்ளி அதே வேலைதான்.

கொஞ்சக் காலத்திலை, தேசிக்காய் வைக்கிற அதே இடத்திலை குழி விழுந்துது. ப்ரொஃபசோரே தலையிலை கைவைச்சார். "இப்பிடி உடைய வழியே இல்லை! வேறை கலவை போடுவம்."

புது றோட்டு வந்துது. பேரின்பம் பயத்திலை ரெண்டு தேசிக்காய் வைச்சார். அதுவும் அங்கைதான் உடைஞ்சுது. அடுத்ததும் அப்பிடியே. ப்ரொஃபசோரே கல்லைப் பேசினார், தாரைப் பேசினார், கடைசியிலை தன்ரை மாமனாரையும் பேசினார். ஆனால் ஒவ்வொரு குழிக்கும் ஒரு புது றோட்டு, வேலையும் நீண்டுகொண்டே போச்சுது. பிள்ளையாருக்கு எது முக்கியமெண்டு தெரியும்தானே எண்டு பேரின்பம் நினைச்சார்.

ஒரு வெள்ளி விடிய ப்ரொஃபசோரே நேரத்தோடை வந்திட்டார். சில்லுக்குக் கீழை லிமோனே.

"இதென்ன?"

பேரின்பம் தெரிஞ்ச இத்தாலியனிலை நாவூறை விளங்கப்படுத்தினார். ப்ரொஃபசோரே தோலை எடுத்துத் தாரிலை தேய்ச்சார். விரல் கறுத்துது. தோலிலை இருக்கிற எண்ணெய் தாரைக் கரைக்குது!

"ஐயோ, ஞானம்பிகை!" எண்டு பேரின்பம் வாய்விட்டே கத்திப்போட்டார்.

ப்ரொஃபசோரே நிலத்திலை இருந்திட்டார். பிறகு பாய்ஞ்செழும்பிப் பேரின்பத்தைக் கட்டிப்பிடிச்சார். "இந்தத் தீவிலை லிமோனே லொறி ஓடாத றோட்டு இருக்கோ? லிமோனே விழுந்து நசியாத வளைவு இருக்கோ? இதை இவ்வளவு காலமும் ஒருத்தரும் யோசிக்கேல்லை!"

விசர்தான், ஆனால் படிச்ச விசர். மேலிடம் காசு ஒதுக்கிச்சுது. லிமோனேக்குக் கரையாத றோட்டு கண்டுபிடிக்க வேணுமாம். அதுக்கு லிமோனே வைக்க ஒரு ஆள் வேணுமாம். பேரின்பத்துக்கு முறையான வேலை, பெர்மெசோ, எல்லாம் வந்துது. ஞானம்பிகையும் வந்திறங்கினாள். மனுசன் விமான நிலையத்திலையே குளறி அழுதிட்டார்.

பிறகு ஒருநாள் அவளை ஆய்வுகூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், பெருமைதானே. ப்ரொஃபசோரே துள்ளிக்கொண்டு நிண்டார். "வெண்டிட்டம்! எத்தினை லிமோனே வைச்சும் இந்தக் கலவை அசையேல்லை. இன்னும் ஒரு கிழமை தாங்கினால் எல்லாம் முடிஞ்சுது!"

பேரின்பத்தின்ரை முகம் செத்துப்போச்சுது. றோட்டு உடையாட்டில் இனி வேலையும் இல்லை, பெர்மெசோவும் இல்லையெண்டு மனிசிக்கு மெல்லமாய்த் தமிழிலை சொன்னார்.

ஞானம்பிகை குனிஞ்சு அந்த றோட்டை நல்லாய்ப் பாத்தாள். ப்ரொஃபசோரே அங்காலை திரும்பி ஆருக்கோ ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைத் திறந்து, ப்ரொஃபசோரேக்குக் குடுக்கவெண்டு கொண்டுவந்த போத்தலை எடுத்தாள். கொழும்பிலை போட்ட தேசிக்காய் ஊறுகாய். நல்லெண்ணெய் கழுத்துமட்டும் நிண்டுது.

"இஞ்சேருங்கோ," எண்டாள், "ஒரு கரண்டி எடுங்கோ."