ஹில்மியின் கோப்புறை

இது நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு அதில் நட்டமில்லை. பேய் இரவில்தான் வரும் என்று அடித்துச் சொல்பவர்களுக்கு மட்டும் ஒன்று... எனக்கு வந்தது வெள்ளிக்கிழமை, உச்சி வெயிலில், புத்தளம் ரவுனில். பக்கத்துப் பள்ளிவாசலில் ஜும்மாத் தொழுகைக்கு முந்திய பிரசங்கம், பயான், கேட்டுக்கொண்டிருந்தது.

என் பெயர் அஜித்தா. கற்பிட்டிப் பக்கத்து மீன்பிடிக் குடும்பம். ஜௌபர் சேரின் கொம்பியூட்டர் ஒஃபிசில் வேலை செய்தேன். மீனவர் சங்கம் ஒன்றுக்காக அங்கே ஒரு மெயில் மெசின் ஓடியது. கொழும்பிலிருந்து காற்று எச்சரிக்கை வந்தால் கரையோரத்துப் பதினொரு துறைகளுக்கும் அது அனுப்பிவிடும். துறைக்கு ஒருவர் போனோடு இருப்பார். மெயில் கண்டதும் “கிடைச்சிச்சு” என்று பதில் போட வேண்டும். பதில் வராவிட்டால் ஆள் அனுப்புவோம். அதுதான் எங்கள் வழக்கம்.

இதையெல்லாம் கட்டியவர் ஹில்மி. கரண்ட் போய் போன் சிக்னல் செத்தாலும் எச்சரிக்கை போக வேண்டும் என்று, கரையோரத்து உப்பேரியான களப்புக்கு மேலால் ரேடியோ இணைப்பு வைத்தார். துறைகளில் சோலார் கோபுரம் நட்டார்; சிக்னல் இல்லாவிட்டாலும் துறையிலுள்ள போனுக்கு மெயில் அதிலிருந்தே போய்வரும். அந்த ரேடியோவுக்கென்றே ஒரு லைப்ரரியைத் தன் கையால் எழுதித் தன் கோப்புறையில் வைத்திருந்தார். லைப்ரரி என்றால் வேறொன்றுமில்லை, மெயில் நிரல் ஓடுவதற்குத் துணையான ஒரு துண்டு. அது இல்லாவிட்டால் நிரல் எழும்பாது.

ஹில்மி மௌத்தாகி ஐந்து கிழமை ஆகியிருந்தது. களப்புக்கு அப்பால், உச்சமுனைத் துறையின் கோபுரம் பழுதென்று ஜௌபர் சேர் அவரை அனுப்பினார். திரும்பி வரும்போது காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. வள்ளக்காரர் தப்பினார். ஹில்மியின் உடல் அடுத்த நாள் கரையொதுங்கியது. போன் கிடைக்கவே இல்லை.

விசாரிக்க வந்தவர்களிடம் ஜௌபர் சேர் சொன்னார். “காலையில எல்லாருக்கும் எச்சரிக்கை போயிச்சு. அவருக்கும் போயிச்சு. தெரிஞ்சிட்டேதான் போனாரு, நான் என்ன செய்ய?”

அதே கிழமை ஹில்மியின் கணக்கையும் கோப்புறையையும் மெசினிலிருந்து அழித்தார். அவருடைய கதிரையைக்கூடச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டார்.

ஹில்மியின் மனைவி நிஃப்லா, கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் இருந்தார். பார்க்கப் போனேன். அவர் அழவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“தெரிஞ்சிட்டும் ஏன் போனாரு, அஜித்தா? எங்கள நெனச்சே பாக்கல்லயா?”

அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

சரி, அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். காலையில் பெருங்காற்று எச்சரிக்கை ஒன்று வந்து மெசினில் விழுந்தது. அது வெளியே போவதற்குள் ஊர் முழுக்கக் கரண்ட் போயிற்று. பற்றரிக்கு மாறும் இடைவெளியில் மெசின் அணைந்து எழும்பியது. மெயில் நிரல் மட்டும் எழும்பவில்லை. ஏனென்றால் கோப்புறையை அழித்த பிறகு ஹில்மியின் லைப்ரரி மெசினின் நினைவில் மட்டுமே உயிரோடு இருந்திருக்கிறது. அணைந்ததும் அதுவும் போயிற்று.

என் தம்பி றொபி உச்சமுனையில்தான் போட் ஓட்டுகிறான். இரண்டு மணிக்குக் கடலுக்கு இறங்கிவிடுவார்கள். போனில் ஒரு கோடு சிக்னலும் இல்லை. வள்ளமெடுத்துப் போய்ச் சொல்லவும் நேரமில்லை.

“ஜும்மா முடிய வாறன். அதுக்குள்ள சரி பண்ணுங்க,” என்று சொல்லிவிட்டு ஜௌபர் சேர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர்களும் போனார்கள். வழக்கம்போல ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்கள். நான் தனியே.

அலுமாரியில், ஒரு டிஸ்கில், நிரலின் மூல வரிகள் இருந்தன. லைப்ரரி இல்லாமலே கட்டிப் பார்ப்போம் என்று, அந்த வரிகளை ஓடக்கூடிய நிரலாக்கும் கொம்பைலைப் போட்டேன். ஐந்து நிமிடம் நன்றாக ஓடியது. கடைசியில், துண்டுகளை இணைக்கும் இடத்தில் நின்றது. லைப்ரரியைக் காணவில்லை. அந்தப் பெயரை வெட்டிவிட்டு மறுபடி போட்டேன். இப்போது திரை நிறையப் பிழை. ஹில்மி எழுதிய ஒவ்வொரு பகுதியையும் பெயர் சொல்லித் தேடியது. அவருடைய கை இல்லாமல் அது ஒன்றோடொன்று ஒட்டாது என்று அப்போதுதான் விளங்கியது. கோபத்தில் மேசையில் அடித்தேன். கத்தி அழவேண்டும் போலிருந்தது.

12.41. மூன்றாம் தடவை போட்டேன். வெட்டிய பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்டேன், அவ்வளவுதான். வேறெதையும் மாற்றவில்லை.

டக்... டக்...

கொம்பைல் ஓடும்போது ஹில்மி இரண்டு விரலால் மேசையில் தட்டுவார். பொறுமையில்லாத மனிதர். அதே தட்டல். எனக்குப் பின்னால்.

திரும்பினேன். யாருமில்லை. சுவரைப் பார்த்திருந்த கதிரை என்னைப் பார்த்திருந்தது.

பள்ளிவாசல் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. ரோட்டிலும் சத்தமில்லை.

டக்... டக்...

உள்ளே யார் யார் வேலை செய்கிறார்கள் என்று மெசினைக் கேட்டேன். இரண்டு தரம் பிழையாக அடித்தேன்.

இரண்டு பெயர் காட்டியது.

அஜித்தா.

ஹில்மி.

எங்கிருந்து என்ற இடத்தில்... உச்சமுனைக் கோபுரம்.



திரையில் வரிகள் ஓடின.

இணைக்கும் இடம் வந்தது.

நிற்கவில்லை.

ஹில்மியின் கோப்புறையில் லைப்ரரி இருந்ததாம்... எடுத்ததாம்... இணைத்ததாம்.

12.47. மெயில் நிரல் எழும்பியது. நான் எழுப்பவில்லை.

கோப்புறையைத் தேடினேன். அப்படி ஒன்று இல்லை.

மறுபடி தேடினேன்.

இல்லை.

ஆனால் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. பதில்கள் விழத் தொடங்கின. கிடைச்சிச்சு. கிடைச்சிச்சு. உச்சமுனையில் போன் வைத்திருக்கும் அல்பிரட் அண்ணையின் பதிலைப் பார்த்ததும் மாதாவே என்று தலையை மேசையில் வைத்தேன். தட்டல் நின்றுவிட்டது.

ஜும்மா முடிந்து ஜௌபர் சேர் வந்தார். திரையைப் பார்த்துச் சிரித்தார்.

“பாத்தீங்களா? ஹில்மி இல்லாட்டி ஒன்டும் நடக்காதுன்டீங்களே.”

“ஓம், சேர்,” என்றேன். வேறு என்ன சொல்ல?

அன்று பின்னேரம் அடித்த காற்றில் கரையில் இழுத்து வைத்த போட்டுகளே புரண்டன. றொபியின் போட் கடலுக்கு இறங்கவில்லை. இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

திங்கட்கிழமை பதில்களைச் சரிபார்த்தேன். துறை பதினொன்று. பதில் பன்னிரண்டு.

பன்னிரண்டாவது, ஹில்மியின் முகவரியிலிருந்து. உச்சமுனைக் கோபுரம் வழியாக வந்திருந்தது. வெள்ளிக்கிழமை எச்சரிக்கைக்கு வந்த பதில் அல்ல அது. ஐந்து கிழமைக்கு முந்திய எச்சரிக்கைக்கு, அவர் இறந்த நாளின் எச்சரிக்கைக்கு வந்த பதில்.

மெசினைத் தோண்டிப் பார்த்தேன். அன்று காலை எல்லாருக்கும் எச்சரிக்கை போயிருக்கிறது. ஒருவருக்கான பிரதியை மட்டும் கையால் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஹில்மிக்கான பிரதி. கண்டிருந்தால் உச்சமுனைக்குப் போகமாட்டார் அல்லவா? அப்படி நிறுத்தி வைக்க இரண்டு பேரால்தான் முடியும். ஒருவர் ஹில்மி. மற்றவர் ஜௌபர் சேர்.

நிறுத்தி வைத்த மெயில் யாராவது விடுவிக்கும் வரை அப்படியே கிடக்கும். அது விடுபட்டிருப்பது வெள்ளிக்கிழமை, 12.47க்கு. நான் அதைத் தொடவில்லை.

பதிலை ஜௌபர் சேருக்குக் காட்டினேன். அவர் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அழிங்க.”

அழிக்கவில்லை. போனில் படமெடுத்தேன். பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தவள் அந்தப் படியை இன்றுவரை மிதிக்கவில்லை. நேரே நிஃப்லாவிடம் போனேன். எப்படி வந்தது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, பிறகு வாய்விட்டு வாசித்தார்.

“இப்பதான் கிடைச்சிச்சு.”